பராமரிப்புக் குறைவு

பேட்டரிக்கு ஊற்ற மழைத் தண்ணீரைவிட நல்லது எதுவும் இல்லை. ஐப்பசி மழையில் முதல் அரைமணி நேரத்தை விட்டுவிட வேண்டும். பிறகு கூரைத் தகரத்தில் படாமல், திறந்த வெளியில் கண்ணாடிப் பாத்திரம் வைத்துப் பிடித்து, வெள்ளைத் துணியில் இருமுறை வடிகட்டி மூடி வைத்துக்கொண்டால் ஒரு வருடத்துக்குக் காணும். கொடைக்கானலில் இருக்கிறவர்கள் இதற்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. நான் பன்னிரண்டு வருடம் இப்படித்தான் செய்தேன். ரேடியேட்டருக்கும் அதே தண்ணீர்தான்.

மோட்டார் வாகன ஆய்வாளர் ஐயா, என்னை உங்களுக்கு நினைவிருக்கும். நாயுடுபுரம் பவுல்ராஜ். 1983 அக்டோபரில், மலைச்சாலையில் ஊத்து கிராமத்துக்குக் கீழே பள்ளத்தில் விழுந்த ஜப்பான் காரின் சொந்தக்காரன். வழக்கு முடிந்து காகிதங்கள் திரும்பி வந்தபோது, நீங்கள் எழுதிய அறிக்கையின் நகலும் அவற்றோடு இருந்தது. விபத்து நடந்து இரண்டு வருடம் கழித்து, போன மாதம்தான் அதைப் படித்தேன். ஐந்தாவது பத்தியில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: ‘பழைய அயல்நாட்டு வாகனம். இறக்கத்தில் இஞ்சின் தானாக நின்றுபோனதால் பிரேக் வலுவிழந்தது. காரணம், பராமரிப்புக் குறைவு.’ வண்டியை ஓட்டிய மரியசெல்வம் இறந்ததும், உடன் சென்ற என் மருமகள் செல்வமேரியின் முதுகெலும்பு முறிந்ததும் ஆறாவது பத்தியில் இருக்கின்றன. அந்தப் பத்தியில் எனக்கு மறுப்பு இல்லை. ஐந்தாவதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. இஞ்சின் தானாக நிற்கவில்லை. பராமரிப்பில் குறைவு இல்லை. இந்த இரண்டையும் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறேன். அதற்குத் தேவையானதை எல்லாம் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் ராணுவத்தில் வாகனப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவன். பிறகு பேரிக்காய்த் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டேன். ஜப்பானில் ஊழியம் செய்துவிட்டு இங்கே வந்த ஒரு மிஷன் டாக்டர், 1971இல் தன் நாட்டுக்குத் திரும்பும்போது அந்த வண்டியை எனக்குக் கொடுத்தார். கேட்டவர்கள் பலர். எனக்குக் கொடுத்ததற்கு அவர் சொன்ன காரணம், உன் கைகளைப் பார்த்தேன் என்பதுதான்.

ஆறு சிலிண்டர் இஞ்சின். அதற்கு ஒரு உதிரிபாகம்கூட இந்த நாட்டில் கிடைக்காது. ஆகவே கெட்ட பிறகு பழுது பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாயிரம் மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றினேன். கையேடு மூவாயிரம் என்கிறது. மலைக்கு இரண்டாயிரம்தான் சரி. வால்வு இடைவெளியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தகடு விட்டுப் பார்ப்பேன். கார்க் தாளை வெட்டி கேஸ்கட் செய்தேன். குளிர்காலக் காலைகளில், கிளப்பியதும் இரண்டு நிமிடம் நிறுத்திவைத்து ஓடவிட்ட பிறகே நகர்த்துவேன். பன்னிரண்டு வருடத்தில் அந்த இஞ்சின் வழியில் ஒருமுறைகூட நின்றதில்லை. ஜப்பான்காரன் செய்த பொருள் ஒழுங்கானவனுக்கு ஒழுங்காக உழைக்கும். வேறு யாரும் அதைத் தொட நான் விட்டதில்லை. என் மகன் சிலுவைராஜுக்குக்கூடக் கொடுத்ததில்லை.

பிரேக் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியில் பிரேக்குக்குப் பலம் தருவது இஞ்சின். இஞ்சின் உறிஞ்சும் வேகத்தில் பெடலுக்குப் பின்னால் இருக்கும் உருண்டைத் தகர டப்பாவில் காற்று இல்லாமல் போகும். அந்த வெற்றிடம்தான் நம் காலோடு சேர்ந்து அமுக்குகிறது. இஞ்சினை அணைத்துவிட்டால் டப்பாவில் மிச்சமிருக்கும் பலம் இரண்டு அமுக்குக்கு வரும். மூன்றாவதில் பெடல் கல்லாகிவிடும். இங்கே ஓடும் அம்பாசடரில் இப்படி ஒரு டப்பா கிடையாது. இஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலின் பலம்தான்.

நம் மலைச்சாலை ஓட்டுநர்களின் பழக்கமும் உங்களுக்குத் தெரியும். இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, சும்மாவே உருட்டிக்கொண்டு இறங்குவார்கள். பெட்ரோல் மிச்சம். அதைவிட, அது ஒரு கௌரவம். யார் எந்த இடத்தில் அணைத்தார், எதுவரை உருட்டினார் என்பதுதான் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் பேச்சு. நானும் வண்டி வாங்கிய புதிதில், என் மனைவி கித்தேரியம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டம் டம் பாறைக்கு மேலே அணைத்தேன். மூன்றாவது அமுக்கில் பெடல் நின்றது. சாவியைத் திருப்பி இரண்டாவது கியரில் விழவைத்து மீண்டேன். அன்று அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். இந்த வண்டியை அணைத்தால் பிரேக் கிடையாது. அதற்குப் பிறகு ஒரு வருடம், இறங்கும்போதெல்லாம் அவள் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, “அணைக்கலையேங்க?” என்று கேட்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அந்த வாக்கியம் தெரிந்தவர்கள் கொடைக்கானலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

இனி என் வீட்டைப் பற்றி.

என் தகப்பனார் மலைச்சாலைக்குக் கல் கொடுத்த காண்டிராக்டர். கோயிலுக்கு மணி வாங்கித் தந்தவர். கோயிலில் வலப்பக்கம் முதல் பெஞ்சு எங்களுடையது. அதில் பெயர் எழுதவில்லை. எழுத அவசியம் இருந்ததில்லை. சிலுவைராஜ் என் ஒரே மகன். 1976இல் அவனுக்குக் கல்யாணம். 1979இல் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். குழந்தை இல்லை. அவன் மனைவி செல்வமேரி எங்கள் வீட்டிலேயே இருந்து, பங்குப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அடக்கமான பெண். அவள் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்வரை என் மகன் பெயரும் அந்த பெஞ்சில் இருந்தது.

நான்கு வருடம் கழித்து அவள் என் முன்னால் வந்து நின்றாள். தான் போய்வரும் டாக்சியின் ஓட்டுநர் மரியசெல்வத்தைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னாள். அழவில்லை. தலையும் குனியவில்லை.

“மாமா, யாருக்கும் தெரியாம ஓடிப் போறதுக்கு எனக்கு மனசில்ல. கோயில்ல ஓலை வாசிச்சு, நீங்களும் அத்தையும் குடுக்கிற சேலையக் கட்டிக்கிட்டுத்தான் இந்த வாசல் இறங்கணும். எனக்கு இன்னும் முப்பது வயசுகூட ஆகல மாமா.”

மரியசெல்வத்தின் ஆட்கள் கோயிலில் இடப்பக்கம், தூணுக்குப் பின்னால் உட்காருகிறவர்கள். அதற்குச் சட்டம் ஒன்றும் இல்லை. யாரும் சொல்லி உட்காருவதும் இல்லை. அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும். நான் சாதி பார்க்கிறவன் அல்ல. ராணுவத்தில் எல்லோரோடும் ஒரே பந்தியில் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. எந்தத் திருகு எந்த இடத்தில் என்று பார்க்காமல் முடுக்கினால் இஞ்சின் ஓடாது.

சரி என்று சொன்னேன். எங்கள் வீட்டில் யாரும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. மறுத்திருந்தால் ஊர் பேசியிருக்கும். பங்குச் சாமியார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பது எங்கள் முறை. முதல் ஞாயிறு நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். ‘நாயுடுபுரம் பவுல்ராஜ் அவர்களின் மகன் காலஞ்சென்ற சிலுவைராஜின் விதவை செல்வமேரிக்கும், வத்தலக்குண்டு பிச்சையம்மாளின் மகன் மரியசெல்வத்துக்கும்.’ என் பெயர், என் மகன் பெயர், பிறகு அவன் பெயர். ஒரே மூச்சில், ஒரே வாக்கியத்தில். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் முடித்தார். தூணுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாக்கியம் இன்னும் இரண்டு முறை வாசிக்கப்பட வேண்டும். மூன்றாவது முறைக்குப் பிறகு அது உண்மையாகிவிடும்.

அன்று மதியமே மரியசெல்வத்தைக் கூப்பிட்டுவிட்டேன். கல்யாணச் சேலை எடுக்கவும், உன் தாயாரை மலைக்கு அழைத்து வரவும் என் வண்டியை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் போ என்று சொன்னேன். என் மகனுக்குக் கொடுக்காத வண்டி என்பது பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுவதும் பரவிவிட்டது. பவுல்ராஜ் ஐயாவின் மனசு பெரிய மனசு என்றார்கள். கித்தேரியம்மாள் அன்று எனக்குப் பிடித்த ஆப்பம் சுட்டாள்.

வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் அவன் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். திங்கள் முதல் சனி வரை, ஆறு நாளும், அவன் வெள்ளனே வந்துவிடுவான். ஷெட்டில் வைத்து அவனுக்கு எல்லாவற்றையும் காட்டினேன். ஆயில் குச்சியை எப்போது இழுத்துப் பார்ப்பது, பிளக்கின் இடைவெளி என்ன, கார்புரேட்டரில் எந்தத் திருகைத் தொடக் கூடாது, கிளப்பியதும் ஏன் இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவன் நல்ல ஓட்டுநர். இதை நான் மறுத்தால் மற்றதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. காது கூர்மை. மூன்றாம் நாளே, கண்ணை மூடிக்கொண்டு, எந்த வால்வு இறுக்கம் என்று சத்தத்தை வைத்துச் சொன்னான். கொஞ்சம் கேலிப் பேச்சும் உண்டு.

“ஐயா, வடிகட்டுன மழைத்தண்ணி குடிச்சு, ரெண்டு நிமிசம் செபம் பண்ணிட்டுத்தான் கெளம்பும் போலருக்கு. இது வண்டி இல்லங்க, கன்னியாஸ்திரி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

ஆறாம் நாள், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, இறக்கத்தில் எப்படி ஓட்டுவாய் என்று கேட்டேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. தன் தொழிலைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அது.

“ஊத்து தாண்டிட்டா அணைச்சிருவேங்க. அடிவாரத்துல காட்ரோடு போய்த்தான் மறுபடி சாவி. நம்ம ஸ்டாண்டு அழகுமலை அண்ணன் அதுக்கும் மேல, பெருமாள்மலையிலேயே அணைக்கிறேம்பாரு. ஆனா ரெண்டு எடத்துல எறங்கித் தள்ளுவாரு, அத மட்டும் சொல்ல மாட்டாரு. நம்ம வண்டிக்குத் தள்ளு கெடையாது.”

“பிரேக்கு?”

“அம்பாசடருக்கு என்னங்க, கால்ல பலம் இருந்தாப் போதும்.”

அவன் அம்பாசடரைப் பற்றிச் சொன்னான். என் வண்டியைப் பற்றி அவன் கேட்கவில்லை. நான் அப்படியா என்றேன். கார் சாவியை எந்த ஆணியில் மாட்டுவது என்று காட்டினேன். பாடம் அத்துடன் முடிந்தது.

மறுநாள் ஞாயிறு. இரண்டாவது ஓலை. அதற்கடுத்த நாள், திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அவன் வண்டியை எடுத்தான். ஊத்து தாண்டி, சாலை கீழ்நோக்கி விழத் தொடங்கும் இடத்தில், அவன் வழக்கப்படி நியூட்ரலில் போட்டு அணைத்தான். செல்வமேரி உங்களிடம், திடீரென்று சத்தம் நின்றது என்று சொன்னாள். உண்மைதான். இஞ்சின் நின்றதென்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அவளுக்கு வண்டி தெரியாது. சாவி அணைத்த நிலையில் இருந்தது. மீட்க வந்தவர்கள் அணைத்திருப்பார்கள் என்று நீங்கள் நினைத்தீர்கள். அவர்கள் தொடவில்லை, நான் விசாரித்தேன். கியர்த் தண்டு நியூட்ரலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருந்தது. கடைசியில் அவனுக்குப் புரிந்திருக்கிறது. இரண்டாவதில் விழவைக்க முயன்றிருக்கிறான். இன்னும் ஒரு விநாடி கிடைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நினைக்கிறேன். நல்ல ஓட்டுநர் என்று சொன்னேன் அல்லவா.

எனக்குத் தகவல் வந்து, ஒரு ஜீப்பில் அங்கே போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. வண்டி தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு நாற்பதடிக்குக் கீழே சவுக்கு மரத்தில் சாய்ந்திருந்தது. நான் மெதுவாக இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கி, ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். நிறம் தேன் போல இருந்தது. அளவும் குறையவில்லை. பிளக் கம்பிகள் ஆறும் அதனதன் இடத்தில் இருந்தன. பிறகுதான், ஆட்களை எங்கே கொண்டுபோயிருக்கிறார்கள் என்று கேட்டேன். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். வண்டிதான் அங்கே இருந்தது.

மரியசெல்வத்தின் அடக்கத்தை வத்தலக்குண்டில் வைத்தார்கள். மாலை அனுப்பினேன். அதற்கடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனேன். மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. இறந்தவனுக்காக ஒரு மன்றாட்டு, அவ்வளவுதான். என் மகன் பெயரை யாரும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து செல்வமேரியைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் படுக்கவைத்தோம். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வராது என்று சொல்லிவிட்டார்கள். அன்று மதியம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த கித்தேரியம்மாள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஆறு நாள் உக்காந்து எல்லாஞ் சொல்லிக் குடுத்தீங்க. ஆணி வரைக்கும் காட்டுனீங்க. அந்த ஒண்ண மட்டும் எப்படிங்க மறந்தீங்க?”

“அவளை வண்டியில ஏத்தி அனுப்புனது யாரு?” என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக என்னிடம் பேசவில்லை. தன் கட்டிலையும் செல்வமேரியின் அறைக்கு மாற்றிக்கொண்டாள். மருமகளைப் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்பதால் நான் ஆட்சேபிக்கவில்லை.

அவளுக்குச் சொன்னதைவிட நேரான பதிலை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் மறக்கவில்லை.

இதில் மறதிக்கு இடமே இல்லை. இரண்டாவது ஓலை முடிந்து கோயிலிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ரப்பர் குழாயை விட்டு டாங்கியிலிருந்த பெட்ரோலை உறிஞ்சி எடுத்தேன். மூன்று லிட்டர் மட்டும் விட்டுவைத்தேன். அந்த வண்டி லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுக்கும். வத்தலக்குண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வழிதான் காணும். மேலே பெட்ரோல் பங்கில் சனிக்கிழமையே ஸ்டாக் தீர்ந்துவிடும். டாங்கர் லாரி செவ்வாய்தான் மலை ஏறும். நாள் குறித்துக் கொடுத்தவன் நான். திங்கட்கிழமை என்று சொன்னதற்குக் காரணம் அதுதான். அவன் அணைப்பானா மாட்டானா என்பதை அவன் விருப்பத்துக்கு விடவில்லை. ஒரு வேலையைச் செய்தால் முழுமையாகச் செய்ய வேண்டும்.

அவன் மட்டும் போவதாகத்தான் ஏற்பாடு. ஓலை வாசித்த பெண் மலை இறங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதை நம்பியிருந்தேன். திங்கள் காலை கேட்டருகே நான் நின்றுகொண்டிருந்தபோது, கித்தேரியம்மாள் செல்வமேரியின் கையைப் பிடித்து வெளியே அழைத்துக்கொண்டு வந்தாள்.

“கட்டிக்கிறவ இல்லாம சேலை எப்படிங்க எடுக்கிறது? இவளும் போய்ட்டு வெரசா வந்துரட்டும்.”

ஓலை வாசித்த பெண் இறங்கக் கூடாது என்று சொன்னேன்.

“அது மொதக் கல்யாணத்துக்குங்க,” என்றாள் அவள்.

செல்வமேரி சிரித்தாள். என் மகன் போன பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டதில்லை. மஞ்சள் பூப்போட்ட சேலை கட்டியிருந்தாள். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, “மாமா, வேற வண்டின்னா எனக்குப் பயம். உங்க வண்டில என்ன பயம்?” என்றாள்.

மரியசெல்வம் இஞ்சினைக் கிளப்பினான். ஒரே சாவியில் பிடித்தது. நான் சொல்லிக் கொடுத்தபடி உடனே நகர்த்தாமல், இரண்டு நிமிடம் ஓடவிட்டான். சரிதானே என்பதுபோல என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அந்த இரண்டு நிமிடமும் நான் அங்கேயேதான் நின்றேன். வாக்கியம் சிறியது. நாலைந்து வார்த்தை. சொல்லி முடிக்க மூச்சுக்கூட வாங்க வேண்டியதில்லை.

ஆனால் சொல்லியிருந்தால், ஆறு நாள் அதை ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அவனுக்கு வராமல் இருக்கலாம். கித்தேரியம்மாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிடும். என் வீட்டு வாசலில், என் மனைவிக்கு முன்னால், அப்படி ஒரு நிலையில் நான் நிற்க முடியாது. செல்வமேரியை இறங்கச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். ஒருமுறை சொல்லி, மறுத்துப் பேசப்பட்ட பிறகு, அதையே மறுபடி சொல்வது எனக்கு வழக்கம் இல்லை. அவளும் தன் விருப்பத்தோடுதான் ஏறினாள்.

ஆகவே வேறொன்றைச் சொன்னேன். “மூணு லிட்டர்தான் கெடக்கு. மேல பங்குல ஸ்டாக் இல்ல. பாத்து ஓட்டு.”

“மூணு லிட்டர் தாராளங்க,” என்றான் அவன். “ஊத்து வரைக்கும்தான் இது பெட்ரோல் வண்டி. அதுக்குக் கீழ மாதா வண்டி.”

செல்வமேரி அவன் தோளில் தட்டி, மாதாவைக் கேலி செய்யாதே என்றாள். வண்டி கேட்டைத் தாண்டியது. இஞ்சின் சத்தம் வளைவில் மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறு சிலிண்டரும் சீராக இருந்தன.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம், உங்கள் அறிக்கையைச் செல்வமேரியும் படித்துவிட்டாள் என்பதுதான். தபால்காரர் அவள் கையில் கொடுத்துவிட்டார். இதுவரை பஸ் ஸ்டாண்டில் அழகுமலை போன்றவர்கள், பெரியவர் வண்டியைக் கவனிக்காமல் கொடுத்துவிட்டார் என்று பேசுவது என் காதிலும் விழுந்திருக்கிறது. ஓட்டுநர்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்று அவள் என்னைக் கூப்பிட்டு, காகிதத்தை மடித்துக் கையில் கொடுத்து, “பழைய வண்டிதான மாமா. எம்புட்டுப் பாத்தாலும் என்னைக்காச்சும் நிக்கத்தான செய்யும். நீங்க மனசுல வச்சுக்காதீங்க. நான் உங்களக் குத்தஞ் சொல்லல,” என்றாள்.

கித்தேரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

அன்று நான் சாப்பிடவில்லை. எழுபத்தொரு வயதில், என் வீட்டில், என் மகனின் விதவை என்னை மன்னிக்கிறாள். செய்ததற்காக அல்ல. ஒரு இஞ்சினைப் பராமரிக்கத் தெரியாதவன் என்பதற்காக. அதை ஏற்றுக்கொண்டு என்னால் இருக்க முடியாது. சட்டம் என்ன தண்டனை தந்தாலும் அது தகுதியுள்ள ஒருவனுக்குத் தருவதாக இருக்கும். எப்போது அழைத்தாலும் வருகிறேன். ஐந்தாவது பத்தியை மட்டும் திருத்துங்கள்: இஞ்சின் நல்ல நிலையில் இருந்தது, ஓட்டியவர் அணைத்தார், சொந்தக்காரர் அறிந்தே சொல்லவில்லை.

சந்தேகம் இருந்தால் நேரில் வந்து பாருங்கள். அந்த இஞ்சினைப் பள்ளத்திலிருந்து கழற்றி மேலே கொண்டுவந்து, ஷெட்டில் மரச்சட்டத்தில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பத்து நிமிடம் ஓடவிடுகிறேன். இன்றும் ஒரே சாவியில் பிடிக்கிறது. செல்வமேரியின் அறை ஷெட்டை ஒட்டியது. சத்தம் கேட்டால் அவளுக்கு உடம்பு நடுங்குகிறது என்று முதலில் சொன்னார்கள். ஜன்னலை மூடிக்கொள்ளச் சொன்னேன். இப்போது அவள் ஒன்றும் சொல்வதில்லை.

அவளை நன்றாகவே வைத்திருக்கிறேன். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவளுக்கு வத்தலக்குண்டுக்குப் போய் மரியசெல்வத்தின் தாயாரோடு இருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. பிச்சையம்மாளும் ஒருமுறை மலையேறி வந்து, “எங்கூட வந்துரு தாயி, அவன்தான் போயிட்டான், வீடு அப்பிடியேதான் கெடக்கு,” என்று கூப்பிட்டாள். நான் குறுக்கே நிற்கவில்லை. எங்கள் முன்கதவு பகலில் பூட்டுவதே கிடையாது. வாசலில் ஒன்பது படி, என் தகப்பனார் கொத்திய கல். தச்சர் திருமலைச்சாமி நாற்காலிச் சக்கரம் இறங்குவதற்குப் பலகையில் ஒரு சரிவு அடித்துத் தருவதாகச் சொன்னார். வீட்டின் முகப்பு கெட்டுவிடும் என்று வேண்டாமென்றேன். மற்றபடி அவள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். இந்த வீட்டில் அவளை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை என்பதையும், முடிந்தால், அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.